நிலத்தடி மெட்ரோ நிலையத்தில் அவசரநிலை: வடசென்னைப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பகுதிகளில் குடியிருப்போர் கூடிப் பேசும் இடங்களில் மெட்ரோ பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. பதில்கள் பயணிகளுக்காக எழுதப்பட்டவை. நிலையப் பணியாளர் நேரில் ஒரு வழியைக் காட்டினால் அந்த வழியில் செல்வதே முறை. அவர் அருகில் இல்லாத நேரத்துக்குத்தான் இவை உதவும்.

வடசென்னையில் எந்தெந்த நிலையங்கள் நிலத்தடியில் இருக்கின்றன?

நீல வழித்தடத்தில் சென்ட்ரலிலிருந்து வடக்கே வரும்போது உயர்நீதிமன்றம், மண்ணடி, வண்ணாரப்பேட்டை, தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை ஆகியவை நிலத்தடி நிலையங்கள். தண்டையார்பேட்டையைத் தாண்டியதும் பாதை மேலேறி, புது வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மேம்பாலத்தில் செல்கிறது. வண்ணாரப்பேட்டை வரையிலான பகுதி 2019 பிப்ரவரியிலும், விம்கோ நகர் வரையிலான நீட்சி 2021 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. மாதவரத்திலிருந்து சிப்காட் செல்லும் புதிய வழித்தடத்தில் பெரம்பூர், அயனாவரம் போன்ற நிலையங்களும் நிலத்துக்கு அடியிலேயே அமைவதால், இனிவரும் ஆண்டுகளில் இந்தக் கேள்விகள் இன்னும் பல குடும்பங்களுக்குப் பொருந்தும்.

மேம்பால நிலையத்துக்கும் நிலத்தடி நிலையத்துக்கும் ஆபத்தில் என்ன வேறுபாடு?

முக்கியமான வேறுபாடு புகை. மேம்பால நிலையத்தில் தீப்பிடித்தால் புகை வானத்துக்குப் போகும். மக்கள் கீழே இறங்குவார்கள். இரண்டும் எதிரெதிர்த் திசை. நிலத்தடி நிலையத்தில் மக்கள் ஏற வேண்டிய திசையும் புகை ஏறும் திசையும் ஒன்றே. அதே படிக்கட்டுத் திறப்பின் வழியாகத்தான் சூடான புகையும் மேலே போக முயலும். அதனால் தீ எவ்வளவு பெரியது என்பதைவிட, புகை படிக்கட்டை எட்டும் முன் நாம் படிக்கட்டைக் கடந்துவிட்டோமா என்பதுதான் கேள்வி. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையோடு கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவும் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நினைவு மங்கி, கால் தளர்ந்த பிறகுதான் பலருக்கு அது உறைக்கிறது. ஈரத்துணியை மூக்கில் வைத்துக்கொண்டால் கரித்துகள் ஓரளவு தடுக்கப்படும். இந்த வாயு தடுக்கப்படாது. துணியைத் தேடி நனைக்க நேரம் செலவிட வேண்டாம்.

‘வெளியேறுங்கள்’ என்ற அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

புகையையோ தீயையோ நீங்களே கண்டுவிட்டீர்கள் என்றால் காத்திருக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருப்பவர்கள் இதைப் படித்தால் போதும் என்றே சொல்வேன்.

1987 நவம்பர் 18 அன்று லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலத்தடி நிலையத்தில், மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில் சிறு தீ பிடித்தது. முதலில் பார்த்தவர்களுக்கு அது எளிதில் அணைக்கக்கூடிய ஒன்றாகவே தோன்றியது. கால் மணி நேரம் கழித்து அது படிக்கட்டின் பள்ளம் வழியாக ஒரேயடியாக மேலே பாய்ந்து டிக்கெட் தளத்தைச் சூழ்ந்துகொண்டது. 31 பேர் உயிரிழந்தனர். கீழ்த்தளங்களிலிருந்து வேறு படிக்கட்டு வழியாக மேலே அனுப்பப்பட்ட பயணிகளும் அந்த டிக்கெட் தளத்துக்கே வந்து சேர்ந்தார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். டிக்கெட் தளத்தை எட்டிவிட்டால் தப்பித்துவிட்டோம் என்று எண்ணி அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பது ஆபத்து. சாலைக்கு வந்து சேரும்வரை நடந்துகொண்டே இருக்க வேண்டும்.

2003 பிப்ரவரி 18 அன்று தென்கொரியாவின் டேகு நகரில் நடந்தது இதைவிடக் கொடியது. நிலையத்தில் நின்றிருந்த ரயிலுக்குள் ஒருவர் தீ வைத்தார். எரிந்துகொண்டிருந்த ரயிலுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு ரயில் வந்து நின்றது, பயணிகளை அமர்ந்திருக்கும்படி சொல்லப்பட்டது, மின்சாரம் நின்றது, தீ அதற்கும் தாவியது, அந்த ரயிலின் ஓட்டுநர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டதால் பல கதவுகள் திறக்கவில்லை. உயிரிழந்த 192 பேரில் பெரும்பாலோர் இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். புகை நிறைந்த பெட்டியில் பயணிகள் வாயைப் பொத்தியபடி இருக்கையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும் படம் உலகம் முழுவதும் பரவியது. அவர்கள் அலட்சியமானவர்கள் அல்லர். பக்கத்தில் இருப்பவர் எழவில்லையே என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். ஒரு கூட்டத்தில் முதலில் எழுந்து நடக்க நம் எல்லோருக்குமே கூச்சம் இருக்கிறது. அந்தக் கூச்சத்தை இந்த ஓர் இடத்திலாவது விட்டுவிட வேண்டும். நீங்கள் எழுந்தால் பத்துப் பேர் எழுவார்கள்.

நிலையத்தைக் காலி செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

உலகின் பல மெட்ரோக்கள் பின்பற்றும் என்.எஃப்.பி.ஏ. 130 என்ற அமெரிக்கத் தரவிதியே இந்திய மெட்ரோ நிலையங்களின் வடிவமைப்பிலும் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. நடைமேடையில் இருக்கும் அனைவரும் 4 நிமிடங்களுக்குள் நடைமேடையை விட்டு நீங்கிவிட வேண்டும். நடைமேடையின் மிகத் தொலைவான மூலையில் இருப்பவரும் 6 நிமிடங்களுக்குள் பாதுகாப்பான இடத்தை எட்டிவிட வேண்டும் என்பது அதன் கணக்கு. படிக்கட்டுகளின் அகலமும் எண்ணிக்கையும் இதை வைத்தே முடிவாகின்றன. ஆனால் மக்கள் உடனே நகரத் தொடங்குவார்கள் என்று வைத்துத்தான் கணக்குப் போடப்படுகிறது. கைப்பேசியில் படம் எடுக்கவும், விழுந்த மூட்டையைக் கட்டவும் நின்றால் அந்த நேரம் எந்தக் கணக்கிலும் சேராது.

எந்த வழியாக வெளியேற வேண்டும்?

நாம் எப்போதும் வந்துபோகும் வாசலுக்கே கால்கள் தானாகப் போகும். நெரிசலில் எல்லோருடைய கால்களும் அப்படித்தான். பெரும்பாலான நிலையங்களில் நடைமேடையின் இரு முனைகளிலும் மேலேறும் வழி உண்டு. ஒரு முனையில் கூட்டம் அடைத்துக்கொண்டிருக்கும்போது மறுமுனை பாதி காலியாக இருப்பது அன்றாடம் அலுவலக நேரத்திலேயே காணக்கூடிய காட்சி. பச்சை நிறத்தில் ஒளிரும் வெளியேறும் வழிப் பலகைகளை, அவசரம் எதுவும் இல்லாத ஒரு நாளில், இரு முனைகளுக்கும் நடந்து ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சென்ட்ரல் நிலையத்தில் இது மிகவும் அவசியம். நீல, பச்சை வழித்தடங்கள் இரண்டும் அங்கே வெவ்வேறு ஆழத்தில் சந்திக்கின்றன. பூங்கா நிலையம், சென்ட்ரல் ரயில் நிலையம், அரசு மருத்துவமனை என்று வெவ்வேறு பக்கங்களில் வாசல்கள் திறக்கின்றன. ஊரிலிருந்து பெட்டிகளோடு வந்து இறங்கியவர்களுக்கு எந்தப் பக்கம் திரும்புவது என்பது சாதாரண நேரத்திலேயே தெரிவதில்லை.

தீ, புகை என்றால் லிஃப்டில் ஏறவே கூடாது. மின்சாரம் நின்றால் அது இரு தளங்களுக்கிடையே நின்றுவிடும். அதன் சுரங்கம் புகைபோக்கியாகவும் மாறக்கூடும்.

நின்றுவிட்ட எஸ்கலேட்டரில் ஏறலாமா?

பணியாளர் தடுக்காதவரை ஏறலாம். வெளியேறும் வழிகளில் ஒன்றாகவே அதைக் கணக்கில் கொள்கிறார்கள். எனினும் அது சாதாரணப் படிக்கட்டு அல்ல. நடுவில் உள்ள படிகள் வீட்டுப் படியைவிட உயரமானவை. தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள சில படிகள் மட்டும் படிப்படியாக உயரம் குறைந்து, கடைசியில் தரையோடு தரையாகிவிடும். ஒரே சீராகக் காலைத் தூக்கி வைத்து ஏறி வந்தவருக்கு மேல்முனையில் அடுத்த படி அங்கே இல்லை. கால் வெறுமையில் இறங்கித் தடுமாறுவார். முன்னால் போனவர் அங்கே விழுந்தால் பின்னால் வரும் வரிசை முழுவதும் அவர்மேல் சரியும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மேல்முனையை நெருங்கும்போது கீழே பார்த்து ஏறுங்கள். புடவையின் கீழ்க்கொசுவத்தை ஒரு கையால் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொள்வது நல்லது.

இயங்கிக்கொண்டிருக்கும் எஸ்கலேட்டரில் யாராவது விழுந்தால் அதன் மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள சிவப்பு நிறுத்தப் பொத்தானை அழுத்த வேண்டும். ‘கைப்பிடியைப் பிடியுங்கள்’ என்று உரக்கச் சொல்லிவிட்டு அழுத்தினால் மற்றவர்கள் விழமாட்டார்கள்.

தீபாவளி நேரத்தில் வண்ணாரப்பேட்டை நிலையத்தில் நெரிசல் மிகுந்தால் என்ன செய்வது?

தீயைவிட இதைப் பற்றித்தான் நம் பகுதியில் அதிகம் கவலைப்பட வேண்டும் என்பது என் கருத்து. எம்.சி. ரோட்டில் துணி எடுக்க வருபவர்கள் இரண்டு கையிலும் பைகளோடு, இடுப்பில் குழந்தையோடு மாலையில் ஒரே நேரத்தில் நிலையத்துக்குள் இறங்குகிறார்கள். அதே பருவத்தில் வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிடுகிறது. மழை பிடித்ததும், பயணம் செய்யாதவர்களும் நிலைய வாசலில் ஒதுங்குகிறார்கள். பயணம் முடிந்து மேலே வந்தவர்கள் மழையைப் பார்த்துக் கடைசிப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள். கீழே அடுத்த ரயில் வந்து இன்னொரு கூட்டத்தை இறக்குகிறது. வெளியேறும் குழாயின் வாய் அடைபட்டிருக்க, உள்ளே மக்கள் சேர்ந்துகொண்டே போகிறார்கள்.

2017 செப்டம்பர் 29 அன்று மும்பையின் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்து நடைபாலத்தில் 23 பேர் உயிரிழந்ததும் இப்படியொரு மழை நாளில்தான்: மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும், அடுத்தடுத்து ரயிலிலிருந்து இறங்கி வந்தவர்களும் ஒரே குறுகிய படிக்கட்டில் சேர்ந்தார்கள். லண்டனின் பெத்னல் கிரீன் நிலையத்தில் 1943 மார்ச் 3 இரவு, விமானத் தாக்குதலுக்கு அஞ்சி மக்கள் இறங்கிக்கொண்டிருந்தபோது, மங்கலான ஒரே ஒரு விளக்கோடு, நடுவில் கைப்பிடி இல்லாதிருந்த படிக்கட்டின் அடியில் ஒருவர் தடுக்கி விழுந்தார். சில நொடிகளில் ஒருவர்மேல் ஒருவராக விழுந்து 173 பேர் மாண்டனர். அன்று அந்தப் பகுதியில் ஒரு குண்டுகூட விழவில்லை.

இத்தகைய சாவுகள் பெரும்பாலும் மிதிபடுவதால் நேர்வதில்லை. நின்ற நிலையிலேயே மார்பு நசுங்கி மூச்சு விட இடமில்லாமல் நேர்கின்றன. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் தனிமனிதர் தன் விருப்பப்படி நகர முடியாது. அந்த நிலை வருவதற்கு முன் தெரியும் அறிகுறிகள் உண்டு: இரண்டு பக்கமும் தோள் இடிக்கும், உங்கள் கையைத் தூக்கி முகத்தைத் துடைக்க முடியாது, நீங்கள் அடி எடுத்து வைக்காமலேயே கூட்டம் உங்களை நகர்த்தும். முதல் அறிகுறியிலேயே ஓரத்துக்கு விலகிவிடுங்கள், அல்லது அந்த ரயிலை விட்டுவிடுங்கள். சிக்கிக்கொண்டால் முன்கைகளை மடக்கி மார்புக்கு முன் வைத்து மூச்சுக்கு இடம் உண்டாக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அலை தணியும் இடைவெளிகளில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். கீழே விழுந்த செருப்பையோ கைப்பேசியையோ எடுக்கக் குனியாதீர்கள். யாராவது விழுந்தால் அவரைச் சுற்றி நிற்பவர்கள் பின்னால் வருபவர்களைக் கையசைத்து நிறுத்தி, முதலில் அவரைத் தூக்கி நிறுத்துங்கள்.

வாசலில் நிற்காதீர்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நனைவது பெரிய துன்பமில்லை. மேலே வந்துவிட்டால் குடை இல்லாவிட்டாலும் ஓரமாக இருபதடி தள்ளி நில்லுங்கள். அந்தக் கடைசிப் படி உங்களுக்குப் பின்னால் வரும் நூறு பேருடையது. கூட்டம் மிகும்போது நிலையத்தார் வாசலை மூடுவதும், ரயிலை நிறுத்தாமல் அனுப்பிவிடுவதும் கீழே இருப்பவர்களைக் காப்பதற்காகவே. அந்த நேரத்தில் கேட்டை ஆட்டிச் சண்டையிடுவது கீழே இருக்கும் நம்மவருக்கே தீங்கு.

ரயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டால் இறங்கி நடக்கலாமா?

தானாக இறங்கக் கூடாது. சென்னை மெட்ரோ ரயில்கள் மேலே செல்லும் மின்தடத்திலிருந்து 25,000 வோல்ட் மின்சாரம் எடுத்து ஓடுகின்றன. அது துண்டிக்கப்பட்டதை உறுதி செய்யாமல் சுரங்கத்தில் காலெடுத்து வைப்பது உயிருக்கு ஆபத்து. பெரும்பாலான நிறுத்தங்கள் சிக்னல் கோளாறு போன்ற சிறு காரணங்களால் ஏற்படுபவை. சில நிமிடங்களில் ரயில் கிளம்பிவிடும். ரயிலுக்குள் தீப்பிடித்தாலும் கூடியவரை அடுத்த நிலையத்துக்கு ஓட்டிச் செல்வதே முறை. ஏனெனில் ஆட்களை இறக்கவும் தீயை அணைக்கவும் வசதியானது நிலையமே. நம் பகுதியில் நிலையங்களுக்கிடையே பெரும்பாலும் ஒரு கிலோமீட்டர் அளவே இடைவெளி.

எரியும் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுங்கள். சென்னை மெட்ரோவில் பெட்டிகளுக்கிடையே நடந்து போக வழி இருக்கிறது. கதவருகே உள்ள அவசர அழைப்புக் கருவியின் மூலம் ஓட்டுநரிடம் எந்தப் பெட்டி, என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். சுரங்கத்தில் இறங்க வேண்டிய நிலை வந்தால் பணியாளர் காட்டும் பக்கமாக மட்டும் வரிசையாக நடங்கள். இரட்டைச் சுரங்கங்களை இணைக்கும் குறுக்கு வழிகள் உண்டு. தரவிதிப்படி அவற்றுக்கிடையே அதிகபட்சம் 244 மீட்டர்தான் இருக்கலாம். சுரங்கத்தின் பெரிய மின்விசிறிகள் ஒரு முனையிலிருந்து காற்றைத் தள்ளி மறுமுனையில் புகையை உறிஞ்சும். முகத்தில் காற்று வந்து மோதும் திசைதான் பொதுவாகப் புகையற்ற திசை. எந்தப் பக்கம் விசிறியை ஓட்டுவது என்பது எரியும் இடத்தைப் பொறுத்துக் கட்டுப்பாட்டு அறையில் முடிவாகிறது. பயணி சொல்லும் ‘எந்தப் பெட்டி’ என்ற தகவலுக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

அவசரப் பொத்தானைத் தேவையின்றி அழுத்திவிட்டால் தண்டனை உண்டா?

விளையாட்டாகப் பயன்படுத்தினால் உண்டு. புகை நாற்றம், மயங்கி விழுந்தவர், கதவில் சிக்கிய கை என்று நேர்மையான அச்சத்தில் அழுத்தியவர் அஞ்ச வேண்டியதில்லை.

தண்டவாளத்தில் பொருள் விழுந்தால்?

நிலத்தடி நிலையங்களில் நடைமேடை ஓரம் கண்ணாடிக் கதவுகளால் மூடப்பட்டிருப்பதால் இது அரிது. விழுந்தால் பணியாளரிடம் சொல்லுங்கள். நீங்கள் இறங்க வேண்டாம். ரயில் சரியான இடத்தில் நிற்காதபோது, வழக்கமான கதவுகளுக்கிடையே உள்ள அவசரக் கதவுகளை ரயில் பக்கமிருந்து தள்ளித் திறக்கலாம்.

குழந்தைகள், முதியவர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எப்படி வெளியேறுவது?

குழந்தையின் கையைப் பிடிக்காதீர்கள், மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல்கள் நழுவிவிடும். கைக்குழந்தையைத் தோளில் போடாமல் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். குடும்பமாகப் போகும்போது, பிரிந்துவிட்டால் சந்திக்கும் இடத்தை இறங்கும் முன்பே சொல்லி வையுங்கள். அது நிலைய வாசலாக இருக்கக் கூடாது; வாசலிலிருந்து தள்ளி, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கடையாகவோ கோயிலாகவோ இருக்கட்டும். ‘அப்பாவைத் தேடிக் கீழே போகாதே’ என்று பிள்ளையிடம் ஒருமுறை சொல்லிவிடுங்கள். கீழே திரும்பிப் போய்த் தேடுவதால்தான் தப்பியவர்கள் மீண்டும் சிக்குகிறார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவரோ முட்டிவலியால் ஏற முடியாதவரோ கூட்டம் முதலில் ஏறட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி, அருகில் இருப்பவர் மூலம் பணியாளருக்குத் தாம் இருக்கும் இடத்தை உடனே தெரிவிக்க வேண்டும். புகை நெருங்கினால் ஒதுங்கி நிற்கும் பேச்சுக்கே இடமில்லை. நாற்காலியை விட்டுவிட்டு ஆளைத் தூக்குங்கள். இரண்டு பேர் கைகளைக் கோத்து இருக்கைபோல் அமைத்து ஒருவரைத் தூக்கிச் செல்லும் முறை எளிது. நம் பகுதியில் மூட்டை தூக்கிப் பழகிய தோள்களுக்குக் குறைவில்லை, கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

பெருமழையில் தண்ணீர் நிலையத்துக்குள் வந்தால்?

சாலையைவிட உயர்த்திக் கட்டிய வாசற்படிகள் தண்ணீரைத் தடுப்பதற்கே. 2021 ஜூலை 20 அன்று சீனாவின் ஜெங்ஜோவில் ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் மழை பெய்து, ஐந்தாம் வழித்தடச் சுரங்கத்தில் நின்ற ரயிலுக்குள் தண்ணீர் ஏறி 14 பேர் உயிரிழந்தனர். 2015, 2023 டிசம்பர்களைக் கண்ட நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழங்கால் அளவுத் தண்ணீர் தேங்கிய சாலையிலிருந்து நிலையத்துக்குள் இறங்க வேண்டாம். உள்ளே இருக்கும்போது படிக்கட்டில் தண்ணீர் வழியத் தொடங்கினால், அது மெல்லிய ஓட்டமாக இருக்கும்போதே கைப்பிடியைப் பிடித்து ஏறிவிடுங்கள்.

மேலே வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

வாசலையும் அதன் முன்னுள்ள சாலையையும் விட்டு விலகுங்கள். தீயணைப்பு வண்டி அங்கேதான் வந்து நிற்க வேண்டும். பழைய சிறைச்சாலை சாலையிலும் பிராட்வேயிலும் வண்டிகளை ஓரங்கட்டி வழிவிடச் செய்வதே அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய பெரிய உதவி. அழைக்க வேண்டியவை: எல்லா அவசரத்துக்கும் 112, தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. நிலையத்தின் பெயரோடு எந்த வாசல் என்பதையும், வாசலில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் பார்த்துச் சொல்லுங்கள்.

தீக்காயத்தின்மேல் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓட விடுங்கள். பற்பசை, மை, மாவு எதையும் தடவ வேண்டாம். மூக்கில் கரி படிந்திருந்தாலோ, குரல் கம்மியிருந்தாலோ, தலை சுற்றினாலோ, ‘இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. புகையின் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் முற்றும். சென்ட்ரலுக்கு எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் ஸ்டான்லி மருத்துவமனையும் இருக்கின்றன.

விட்டுவந்த பையை எப்போது எடுக்கலாம்?

நிலையத்தை மீண்டும் திறந்த பிறகு வாடிக்கையாளர் சேவை மையத்தில் கேட்கலாம். வெளியேற்றத்தின்போது கிடக்கும் பைகள் ஒவ்வொன்றையும் காவல்துறை சோதித்த பிறகே தருவார்கள். அதற்கு நேரம் பிடிக்கும். வீட்டுச் சாவி, மருந்து, அடையாள அட்டை ஆகியவற்றை மட்டும் பயணத்தின்போது பையில் வைக்காமல் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொண்டால், மற்றதை விட்டுவிட்டு ஏற மனம் தயங்காது.